தண்ணீர் இல்லாத ஊரில் படகு எதற்கு?

திருப்பூரில் ஓய்வூதியம் வாங்கும் ஒரு கிழவன் வீட்டுக்குப் பின்னால் மரப்படகு செய்கிறான் என்று கேள்விப்பட்டால் நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். என் மகன் அதை நினைத்ததோடு நிற்காமல் வாய்விட்டே சொல்லிவிட்டான். "வேணும்னா காத்தடிக்கிற படகு ஆன்லைன்ல ஆர்டர் போட்டுத் தரேன்பா, ரெண்டு நாள்ல வந்துடும்" என்றான். பாசத்தோடுதான் சொன்னான். ஆனால் எனக்கு வேண்டியிருந்தது படகு அல்ல என்பதை அவனுக்குச் சொல்லிப் புரியவைக்க ஒரு வாரம் ஆனது. இன்னும் முழுதாகப் புரிந்ததா என்று தெரியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் காரைக்கால்காரன். எங்கள் ஊரில் வீட்டுக்குப் பின்னால் இருப்பது கொல்லை. இங்கே கொங்கு நாட்டில் அதைப் 'பொடக்காளி' என்கிறார்கள். மகன் வீட்டுப் பொடக்காளி பதினைந்தடிக்குப் பத்தடி. துவைக்கும் கல், ஒரு முருங்கை, தண்ணீர்த் தொட்டி போக மிச்சமுள்ள இடத்தில்தான் எல்லாம். முதலில் ஒரு முக்காலி செய்தேன். பிறகு பேரனுக்குப் புத்தக அலமாரி, பக்கத்து வீட்டுக் கோழிகளுக்கு ஒரு கூண்டு. நான்காவதாகத்தான் படகு.

பிரெஞ்சில் 'பிரிக்கோலாழ்' என்று ஒரு சொல் உண்டு. வீட்டில் கிடைப்பதைக் கொண்டு நாமே ஒன்றைப் பழுதுபார்ப்பது, ஒட்டுவது, செய்வது எல்லாம் அதில் அடங்கும். அங்கே அது ஞாயிற்றுக்கிழமை ஆண்களின் கௌரவமான பொழுதுபோக்கு. லெவி-ஸ்த்ரோஸ் என்ற மானிடவியல் அறிஞர் 1962ல் எழுதிய ஒரு புத்தகத்தில் அந்தச் சொல்லை எடுத்து மனித சிந்தனையையே விளக்கினார். நம்மிடம் அதற்கு இருக்கும் சொல் 'வேலையத்த வேலை'. இந்த வித்தியாசம் என்னை நாற்பது வருடமாக உறுத்திக்கொண்டிருக்கிறது. அலுவலகத்தில் மேல்நிலை எழுத்தராக நான் பார்த்த கோப்புகளில் பாதி, உண்மையிலேயே வேலையத்த வேலை. ஆனால் அதை யாரும் அப்படிச் சொன்னதில்லை. மாதம் பிறந்தால் சம்பளம் போட்டார்கள்.

படகு விஷயத்துக்கு வருகிறேன். இதில் நான் தெரிந்துகொண்ட ஒன்றை உங்களுக்குச் சொல்லியே ஆகவேண்டும்: படகைத் தைக்கலாம்.

புதுச்சேரிக்கு அந்தக் காலத்தில் துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். கரைக்கும் கப்பலுக்கும் நடுவே அலை உடையும் இடத்தைத் தாண்டி ஆளையும் சரக்கையும் கொண்டுபோக ஒரு தனிப் படகு இருந்தது. ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் வருகிற 'சலங்கு' அதுதான். பிரெஞ்சுக்காரர்கள் அதையே 'ஷெலேங்' ஆக்கிக்கொண்டார்கள். சென்னையில் மசூலா என்றார்கள். அதில் ஆணி கிடையாது, உள்ளே விலாச் சட்டமும் கிடையாது. பலகைக்குப் பலகை துளை போட்டுக் கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த வெள்ளைக்காரன் படகு, அலையில் தரை தட்டினால் பிளந்துவிடும். தைத்த படகு நெளிந்து கொடுத்துத் தப்பிவிடும். இருநூறு முந்நூறு வருடம் கப்பல் கப்பலாகச் சரக்கு இறங்கியது இந்தத் தையலை நம்பித்தான்.

இப்போது மேல்நாட்டில் வீட்டிலேயே படகு செய்கிறவர்கள் பெரும்பாலும் பின்பற்றும் முறை எது தெரியுமா? தைத்து ஒட்டுவது. பிளைவுட் பலகைகளை வரைந்து வெட்டி, ஓரங்களில் துளை போட்டு, செம்புக் கம்பியால் முறுக்கித் தைத்து, மூட்டுகளை எபாக்ஸிப் பசையால் நிரப்பி, மேலே கண்ணாடி இழைத் துணி ஒட்டிவிடுவது. 1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் 'மிரர்' என்ற பத்தடிச் சொச்சம் நீளமுள்ள சிறு பாய்ப்படகு இந்த முறையில் வந்தது. ஒரு செய்தித்தாளின் பெயரைத் தாங்கி, பெட்டியில் பலகைத் துண்டுகளாக விற்பனையாகி, சாதாரண மனிதர்கள் கார் ஷெட்டில் வைத்துக் கட்டினார்கள். இதுவரை 70,000க்கு மேல் செய்திருக்கிறார்கள். அதற்குப் பத்து வருடம் முன்பே பிரான்சில் எர்புலோ என்பவர் பிளைவுட்டில் ஒரு மலிவான படகை வடிவமைத்தார். இரண்டு சைக்கிள் விலைக்கு ஒரு படகு என்பது அதன் பெருமை. பெயர் 'வோரியான்'. தமிழில் சொன்னால் உதவாக்கரை! பிள்ளைகளுக்குக் கடலைக் கற்றுக்கொடுத்த படகுக்கு அப்படிப் பெயர் வைக்கிற மனசு எனக்குப் பிடித்திருக்கிறது.

நம் ஊரிலேயே இது நடந்திருக்கிறது என்பதுதான் பலருக்குத் தெரியாது. கன்னியாகுமரிக் கடற்கரையில் கட்டுமரத்துக்கு ஏற்ற மரமும் வள்ளத்துக்கு ஏற்ற பெரிய மரமும் கிடைப்பது குறைந்து, விலை எட்டாத உயரத்துக்குப் போனது. 1980களில் நாகர்கோவிலை மையமாக வைத்துப் பொருத்தமான தொழில்நுட்பத்துக்கான ஓர் அமைப்பும், தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் பிளைவுட் படகை முயன்று பார்த்தன. முட்டத்தில் படகுக்கூடம் வந்தது. லண்டனிலிருந்த ஷூமாக்கரின் அமைப்பு உதவியது. பியேர் ழில்லே என்ற பெல்ஜியக்காரர் கூடவே இருந்து உழைத்தார். இங்கேயும் முறை அதேதான், தைத்து ஒட்டுவது. ஷூமாக்கர் 'சிறியதே அழகு' என்று புத்தகம் எழுதிப் புகழ்பெற்றார் அல்லவா, ழில்லே தன் அனுபவத்தை 1985ல் எழுதியபோது வைத்த தலைப்பு 'சிறியது கடினம்'. கையால் ஒன்றைச் செய்து பார்த்தவன்தான் அப்படித் தலைப்பு வைக்க முடியும்.

ஆக, கயிற்றால் தைத்த நம் படகின் சூத்திரம் செம்புக் கம்பியாக மாறி நம் கடற்கரைக்கே திரும்பி வந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் காரைக்கால், நாகப்பட்டினம் பக்கமெல்லாம் நிவாரணமாக வந்து குவிந்தது ஃபைபர் படகு. இன்று கட்டுமரத்தைப் பார்க்க வேண்டுமானால் தேடிப் போகவேண்டும். ஃபைபர் படகைக் குறை சொல்லமாட்டேன். கடலுக்குப் போகிறவனுக்கு அதன் வேகமும் உழைப்பும் தேவை. ஆனால் கட்டுமரம் கட்டியவன் அதைக் கரையில் அவிழ்த்துக் காயவைத்து மறுபடி தானே கட்டினான். அந்தக் கை இப்போது என்ன செய்கிறது என்று நினைத்தால் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது.

இனி என் படகு. எட்டடிக்கு நாலடி பிளைவுட் இரண்டு ஷீட், 6 மில்லிமீட்டர் கனம். கடையில் எல்லாவற்றையும் 'வாட்டர் புரூஃப்' என்றுதான் விற்பார்கள், நம்பாதீர்கள். ஐ.எஸ். 710 என்று முத்திரை இருந்தால்தான் அது மரைன் பிளை. ஐ.எஸ். 303 என்றிருந்தால் சமையலறை அலமாரிக்குச் சரி, படகுக்கு ஆகாது. முத்திரையையும் நம்பாமல் ஒரு துண்டை வெட்டி ஒரு நாள் முழுக்கப் பழைய குண்டானில் கொதிக்கவிட்டேன். இழை பிரியவில்லை. வீட்டுக்காரம்மா என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை.

அடிப்பலகை ஒன்று, பக்கப் பலகை இரண்டு, முன்னும் பின்னும் ஒவ்வொன்று. மொத்தமே ஐந்து துண்டுகள். சூட்சுமம் எல்லாம் பக்கப் பலகையின் வளைவில் இருக்கிறது. தட்டையான பலகையின் ஓரத்தை இந்த வளைவில் வெட்டி, அந்த வளைவில் வெட்டிய இன்னொன்றோடு சேர்த்துத் தைத்தால், இரண்டும் தாமாகவே குழிந்து வயிறு வைத்துக்கொள்கின்றன. பள்ளியில் எங்களுக்கு வடிவியல் பிரெஞ்சில்தான். அட்டையை வெட்டிக் கூம்பு செய்யச் சொல்லிக்கொடுத்த வாத்தியாரை நினைத்துக்கொண்டு முதலில் காலண்டர் அட்டையில் சின்னதாகச் செய்து பார்த்தேன்.

அட்டைத் துண்டுகளைத் திண்ணையில் பரப்பி வைத்திருந்தபோது, எதிர் வீட்டுக்காரர் வந்தார். ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ஒரு நிமிடம்தான் பார்த்தார். "ஏனுங்க சார், இது நம்ம பேட்டர்ன் தானுங்களே! தட்டத் துணிய வெட்டித் தோள் எடுக்கறாப்பல" என்றார். என்ஜினியரிங் படித்த என் மகனுக்கு நான் அரை மணி நேரம் விளக்கியது அவருக்கு விளக்காமலே தெரிந்துவிட்டது. துளைகளை இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாகப் போட நினைத்திருந்தேன். "இவ்வளவு நெருக்கம் எதுக்குங்க? வளைவுல மட்டும் நெருக்குங்க, நேர்ல தளர்த்துங்க" என்று சொன்னவரும் அவர்தான். பசை துடைக்கப் பனியன் வேஸ்ட் ஒரு மூட்டை கொண்டுவந்து போட்டார். செம்புக் கம்பி மோட்டார் ரீவைண்டிங் கடையில் எடைக்குக் கிடைத்தது. படகு கட்ட இதைவிடப் பொருத்தமான ஊர் எது என்று எனக்கு அன்று தோன்றியது.

எபாக்ஸி பற்றி ஓர் எச்சரிக்கை. சித்திரை வெயிலில் அதைக் கப்பில் கலந்து வைத்தால் புகைய ஆரம்பித்துவிடும். அகலமான தட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்க வேண்டும், விடிகாலையில் வேலையை முடித்துவிட வேண்டும். மூட்டுக்கு வைப்பதற்கு மரத்தூளைச் சேர்த்துப் பெயிண்டர் பூசும் பட்டி பதத்துக்குக் குழைக்கவும். கைக்கு உறை, உப்புத்தாள் போடும்போது மூக்குக்கு முகமூடி. நம் வயதில் நுரையீரல் கடன் கொடுக்காது.

கணக்கு எழுதிப் பழகிய கை சும்மா இருக்குமா? அடி ஏறத்தாழ 2 மீட்டர் நீளம், 90 சென்டிமீட்டர் அகலம். அதாவது 1.8 சதுர மீட்டர். தண்ணீரில் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் 18 லிட்டர் தண்ணீரை விலக்கும், 18 கிலோவைத் தாங்கும். படகு 25 கிலோ, நான் 62. ஐந்து சென்டிமீட்டருக்குள் முடிந்துவிட்டது. முன்பக்கம் மேலெழும்புவதால் ஆறு என்று வையுங்கள். பக்கப் பலகை உயரமோ 35. ஆர்க்கிமிடீஸ் சொன்னதை அறுபது வருடம் முன்பு பிரெஞ்சில் மனப்பாடம் செய்தேன். இப்போதுதான் அது எனக்குச் சொந்தமானது. செலவு, நோட்டில் உள்ளபடி, 17,000 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே. கருவிகள் சேர்க்காமல். ஒரு ஆசாரியை இரண்டு நாள் கூலிக்கு வைத்து உளி தீட்டவும் இழைப்புளி பிடிக்கவும் கற்றுக்கொண்டதையும் இதில் சேர்த்திருக்கிறேன். என்னால் அவருக்குப் பிழைப்புப் போகும் என்று யாரும் கவலைப்பட வேண்டாம். நான் இழைத்த பலகையைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பு அப்படிப்பட்டது.

இவ்வளவும் சுலபமான பகுதி. கஷ்டமானதை இனிதான் சொல்ல வேண்டும்.

பேரனோடு சேர்ந்து தெருப்பிள்ளைகள் மூன்று நான்கு பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் வர ஆரம்பித்தார்கள். உப்புத்தாள் தேய்ப்பதில் அவர்களுக்கு அவ்வளவு சந்தோஷம். ஒருநாள் அதில் ஒரு பையனின் அம்மா வந்தார். கம்பெனியில் பவர் டேபிள் டெய்லர். என்னிடம் கோபப்படவில்லை, தன்மையாகவே சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்க ஐயா. நாங்க கைவேல செஞ்சு தேஞ்சது போதுங்க. எம் பையன் படிச்சு ஏ.சி. ரூம்ல உக்காரோணும். கையில மரத்தூளோட ஊட்டுக்கு வந்தா எனக்குப் பயமா இருக்குதுங்க."

இதற்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. வந்திருந்தால் அது பொய்யான பதிலாகத்தான் இருந்திருக்கும். நான் நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதித்து, ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு, ஆசைக்கு உளி பிடிக்கிறவன். அந்த அம்மா காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் இரவு எட்டரை வரை பனியனின் கைப்பட்டி மட்டும் மடித்துத் தைக்கிறவர். கழுத்து வேறொருவர், தோள் வேறொருவர். பீஸ் ரேட்டுக்கு ஒரே மடிப்பை ஆயிரம் தடவை. இருபது வருடத்தில் ஒரு முழுப் பனியனை, ஆரம்பத்திலிருந்து கடைசிவரை, தான் தைத்ததே இல்லை என்று அவரே சொன்னார். கைவேலை என்றால் அவருக்கு அது. பிள்ளையை அதிலிருந்து காப்பாற்ற நினைக்காத தாய் உண்டா?

ஆனாலும் என் கருத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை. அவர் வெறுப்பது கைவேலையை அல்ல, கையை மட்டும் வாடகைக்கு எடுத்துக்கொண்டு மனிதரை வெளியே நிறுத்திவிடும் ஏற்பாட்டை. அதே ஏற்பாடு ஏ.சி. அறையிலும் உண்டு. நான் முப்பத்தைந்து வருடம் ஒரு கோப்பின் ஒரே ஒரு பக்கத்தில் கையெழுத்துப் போட்டவன். அந்தக் கோப்பால் யாருக்கு என்ன கிடைத்தது என்று எனக்குத் தெரியவே தெரியாது. ஒரு பொருளை முதல் கோட்டிலிருந்து கடைசிப் பூச்சுவரை தானே செய்து முடிப்பது எப்படியிருக்கும் என்று எழுபதுக்கு மேல்தான் எனக்குத் தெரிந்தது. அந்தப் பையனுக்குப் பன்னிரண்டு வயதிலேயே தெரியட்டும். பிறகு அவன் டாக்டராகட்டும், ஐ.டி.யில் சேரட்டும். இதை நான் அந்த அம்மாவிடமும் சொன்னேன். அவர் தலையாட்டினார், ஒத்துக்கொண்டார் என்று சொல்லமாட்டேன். பையனைத் தடுக்கவில்லை, அவ்வளவுதான்.

ஊரே கைகளால் வாழ்கிறது. உலகத்துக்கே உடுப்புத் தைத்து அனுப்புகிறோம். ஆனால் இங்கே எத்தனை பள்ளிக்கூடத்தில் ஒரு மரவேலைப் பட்டறை இருக்கிறது என்று விசாரித்துப் பாருங்கள். எங்கள் காலத்துப் பள்ளியில் கைத்தொழில் வகுப்பு என்று வாரத்தில் இரண்டு பீரியட் இருந்தது. இப்போது ப்ராஜெக்ட் என்று கொடுக்கிறார்கள்; ஸ்டேஷனரிக் கடையில் அது ரெடிமேடாக விற்கிறது.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நீங்கள் கேட்பீர்கள். நொய்யல் ஊருக்கு நடுவில் ஓடுகிறது. அதில் படகு விடும் எண்ணம் எனக்கு இல்லை. பாசனத்துக்கென்று 1992ல் ஒரத்துப்பாளையத்தில் கட்டிய அணை சாயக்கழிவைத் தேக்கி வைக்கும் தொட்டியாகிப் போனதும், கீழே உள்ள விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனதும், 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளையே மூடச் சொன்னதும் இங்கே இருப்பவர்களுக்குத் தெரிந்த கதை. அதற்குப் பிறகு நிலைமை எவ்வளவோ தேவலாம் என்கிறார்கள். இருக்கலாம். நஞ்சராயன் குளம் 2024ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது நல்ல செய்தி. அது பறவைகளுக்கு உரியது. நாம் அங்கே துடுப்புப் போட வேண்டியதில்லை.

பையன்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்ன இடம் பாறைக்குழி. கல் வெட்டிக் கைவிட்ட குழிகள் திருப்பூரைச் சுற்றி நிறைய இருக்கின்றன. மழைத் தண்ணீர் நிற்கும், பார்க்க அமைதியாக இருக்கும். கரை சரிவே கிடையாது. ஓரத்திலேயே ஆள் முழுகும் ஆழம். விடுமுறை நாளில் குளிக்கப் போன பிள்ளைகளைப் பற்றிப் பேப்பரில் படிக்கிறோமே, அதே குழிகள்தான். முடியாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். நீச்சல் தெரியாதவன் படகில் ஏறக்கூடாது என்றும் சொன்னேன். நால்வரில் மூவருக்குத் தெரியாது. கடற்கரையில் பிறந்த எனக்கு இது புரியவே இல்லை. இவ்வளவு பிள்ளைகள் இருக்கும் ஊரில், பனியன் தொழிலாளி தன் பையனை அனுப்பக்கூடிய கட்டணத்தில், கண்காணிப்போடு நீச்சல் சொல்லித்தரும் இடங்கள் வார்டுக்கு ஒன்றாவது வேண்டாமா? மாநகராட்சிக்கு மனு எழுதியிருக்கிறேன். மனு எழுதுவது எனக்குப் பழகிய தொழில்; பதில் வராததும் பழகியதுதான். நினைவூட்டுக் கடிதம் இந்த வாரம் போகும்.

கடைசியில் பல்லடம் பக்கம் நண்பர் ஒருவரின் தென்னந்தோப்பில், பி.ஏ.பி. வாய்க்கால் தண்ணீரைப் பிடித்து வைக்கும் பண்ணைக்குட்டையில் இறக்கினோம். பிளாஸ்டிக் விரித்த குட்டை என்றால் இன்னொரு எச்சரிக்கை: பாசி பிடித்த அந்தச் சரிவில் நீச்சல் தெரிந்தவனாலும் மேலே ஏற முடியாது. முடிச்சுப் போட்ட கயிறுகளை நாலு பக்கமும் தொங்கவிட்ட பிறகுதான் யாரையும் கிட்டே விட்டேன். எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட். படகின் பின்பக்கத்திலும் கரையில் ஒரு தென்னையோடு சேர்த்து ஒரு கயிறு.

மிதந்தது. உட்கார்ந்ததும் கட்டிங் மாஸ்டர் அளவுகோலை எடுத்துக் கரையிலிருந்து எட்டிப் பிடித்து அளந்தார்: ஐந்தரை சென்டிமீட்டர். ஒரு மூட்டில் லேசாகக் கசிவு இருக்கிறது, இடது பக்கம் பின்னால். அவர் போட்ட தையலா, நான் வைத்த பசையா என்று இன்னும் எங்களுக்குள் தீரவில்லை.

பேட்டர்ன்களைப் பிரவுன் பேப்பரில் முழு அளவில் வரைந்து வைத்திருக்கிறேன். வேண்டுபவர்கள் வந்து நகல் எடுத்துக்கொள்ளலாம்; சுருட்டிக்கொண்டுபோக நீளமான துணி ரோல் குழாய் ஒன்று கொண்டுவாருங்கள், இந்த ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. பிரெஞ்சில் எழுபத்தைந்தை 'அறுபதும் பதினைந்தும்' என்றுதான் எண்ணுவோம். அந்தக் கணக்குப்படி அறுபதைத் தாண்டி எனக்குப் பதினைந்து வயதுதான் ஆகிறது. அடுத்ததற்குப் பிளைவுட் சொல்லியாயிற்று. இந்த முறை துளை போடுவது பையன்கள்.